பின்தொடை இழுத்திட்டு, என்ன செய்யலாம்?

கேள்வி: வெபர் மைதானத்தில 100 மீற்றர் ஓடேக்க தம்பிக்குப் பின்தொடை சுரீரெண்டு இழுத்திட்டு. நடக்கிறான், குனிஞ்சா நோகுது. எண்ணெய் போட்டு உருவலாமா? கல்லடிக் கடற்கரையில மெல்ல ஓடலாமா?

பதில்: இப்ப உருவவே வேணாம், உள்ள இரத்தக்கசிவு கூடும். முதல் 2 நாளும் ஐஸ்கட்டியைத் துணியில சுத்தி 15 நிமிசம், மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வையுங்க. காலை இழுத்து நீட்டவும் வேணாம்.

பதில்: மணலில கால் புதையும், பாரமெல்லாம் பின்தொடைக்குத்தான். நோகாம நடந்தாப் பிறகு மல்லாந்து படுத்து, முழங்கால் மடிச்சு, இடுப்பை உயர்த்தி 5 செக்கன் பிடிக்கட்டும், 10 தரம். பிறகு ஒற்றைக்காலில. ஓட்டம் புல்தரையில, அரைவேகத்தில.

பதில்: இழுக்கேக்க 'டப்' எண்டு சத்தம் கேட்டதா? தொடை கறுத்தா, பிட்டத்தடி எலும்பில நொந்தா உடன டொக்டரிட்டக் காட்டுங்க, தசையை எலும்போட பிடிச்சிருக்கிற தசைநாணே அறுந்திருக்கலாம். நோ போனது மட்டும் காணாது. ரெண்டு காலும் ஒரே பலம் வராம முழுவேகத்தில ஓடினா திரும்பவும் அதே இடம்தான் இழுக்கும்.