தாய்வானைப் போல நாங்களும் வழக்குப் போட முடியாதா?

கேள்வி:
கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் நானும் என் துணைவியும் ஏழு வருடமாக இருக்கிறோம். இந்த மாதம் அவளுக்கு டெங்கு முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். உறவுமுறை கேட்டார்கள், 'சிநேகிதி' என்று எழுதினேன். "சொந்தக்காரர் வரட்டும்" என்றார்கள். மூன்று வருடமாக அவளோடு கதைக்காத அண்ணன் மட்டக்களப்பிலிருந்து வந்து சேரும்வரை எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. இரவு முழுக்க வாசலில் இருந்தேன்.

தாய்வானில் 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு வழிவிடச் சொன்னது, 2019இல் சட்டம் வந்தது. தென்னாபிரிக்காவில் 2005இலேயே தீர்ப்பு. இங்கே புதுக்கடை நீதிமன்றத்தில் நாங்கள் ஒரு மனுப் போட்டால் என்ன?

பதில் 1:
தங்கச்சி, நான் புதுக்கடையில்தான் வழக்குப் பேசுகிறேன். வாசித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டு நீதிமன்றங்கள் நடைமுறையில் இருக்கும் சட்டத்தையே செல்லாது என்று சொல்லலாம். எங்கள் இலங்கையின் 1978 அரசியல் யாப்பில் அது முடியாது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அதன் உறுப்புரை 16(1). விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதற்குள் அடங்கிவிடும். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு பெண்களையும் சேர்த்துக்கொண்டது 1995 திருத்தத்தில்தான். அது புதிய சட்டமாயிற்றே என்றால், சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று யாப்பின் 80(3) மறிக்கிறது.

சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கலாம். 2023 மே மாதம் அப்படித்தான் நடந்தது. அப்போது எம்பியாக இருந்த பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம் இந்தக் குற்றத்தை நீக்க வந்தது. எதிர்த்து மனுப் போட்டார்கள். யாப்புக்கு முரண் இல்லை என்றது உயர் நீதிமன்றம். எனக்கு அது பெரிய நாள். 2024இல் பாராளுமன்றம் கலைந்ததும் சட்டமூலம் காலாவதியானது. அதை யாராவது மறுபடி கொண்டுவர வேண்டும். திருமணம் அதற்கு அப்புறம்தான்.

பதில் 2:
இந்தியாவிலும் 2023 அக்டோபர் 17இல், தன்பாலினத் திருமண வழக்கில், சட்டமியற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று தெஹிவளையில் நாங்கள் நாலு பேர் நேரலை பார்த்து அழுதோம். எம்பிக்களுக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

பதில் 1:
இன்னொன்று. அது அரச வைத்தியசாலையா? அப்படியென்றால் சட்டத்தை விட்டுவிட்டு, உங்களை நடத்திய விதத்தை மட்டும் எடுத்து, அடிப்படை உரிமை மீறல் என்று யாப்பின் 126இன் கீழ் மனுப் போட முடியுமா என்று பார்க்கலாம். கெடு ஒரு மாதம்.

கேட்டவர்:
அரச வைத்தியசாலைதான் அக்கா. இன்றோடு பத்தொன்பது நாள். அவளும் வருவதாகச் சொல்கிறாள். நாளைக்கே வரட்டுமா?