பக்கம் உதிருது, எந்தப் பசை போடலாம்? (அவசரம்)

காட்பாடிவாசி: லைப்ரரி புத்தகம் ஒண்ணு முதுகு கழன்றுடுச்சு. ஓரமெல்லாம் கிழிசல். ஃபெவிகால் போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

வாலாஜா பைண்டர்: எந்த வருஷத்துப் புத்தகம்? ஃபாரம் ஃபாரமா (மடிச்ச தாள் கட்டு கட்டா) தைச்சதா, பக்கவாட்டுல குத்தித் தைச்சதா? ஃபோட்டோ எங்க?

பசைச்சட்டி: ஃபெவிகால் வேணாம். காய்ஞ்சா காகிதத்தோடதான் பிய்ஞ்சு வரும். மைதாப் பசையில ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுங்க, பூச்சி அண்டாது.

ஏடுகாப்பான்: துத்தம் பூச்சியோட நிக்காது. செம்பு காகித நாரை முறிக்கும், அமிலம் வேற. இதுகூடத் தெரியாம யோசனை சொல்ல வந்துடறாங்க. தம்பி, எழுத்தில்லாத மூலையை மெதுவா மடிச்சுப் பார். ஒடிஞ்சா தையல்ல கை வைக்காதே, அட்டைப்பெட்டியில போட்டு வை.

காட்பாடிவாசி: 1938. ஃபாரம் தையல். ஒடியல. செல்லோடேப் ஒட்டியிருக்கு, சொல்ல விட்டுப்போச்சு.

வாலாஜா பைண்டர்: அதை முதல்லயே சொல்ல வேணாமா! ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல காட்டு. டேப்பை மேல தூக்காதே, தாளோட படிய மடக்கிப் பின்பக்கமா உரி. மிச்சப் பிசுக்கு க்ரேப் ரப்பர்ல (பிசுக்கு எடுக்குற ரப்பர் கட்டி) தேய்ச்சா உருண்டு வரும். அசிட்டோன் தொடாதே, லைப்ரரி சீல் மை ஊறிடும்.

பசைக்கு கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணி 5 பங்கு. வெள்ளை மாறித் தெளியுற வரைக்கும் சிறுதீயில கிளறி, ஆறினதும் சல்லடையில தேய். கிழிசலுக்கு 10 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 10 கிராம்) ஜப்பான் டிஷ்யூ, மெல்லிசான நார்த்தாள். கத்தரிக்காதே, ஈரத் தூரிகையால கோடு போட்டுக் கிழிச்சா ஓரத்து நார் நல்லாப் பிடிக்கும். ப்ளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சுற தாள்) வெச்சு பாரம் ஏத்து, இல்லன்னா சுருங்கும்.

பாலாற்றங்கரை: முதுகுக்குத் தோல் போடுங்க. ராணிப்பேட்டைப் பக்கம் துண்டுத்தோல் சல்லிசு.

ஏடுகாப்பான்: துண்டுல பாதி ஷூவுக்காகக் குரோம் உப்புல பதம் பண்ணின தோல். ஓரம் சீவ வராது, மடிச்சா எழும்பி நிக்கும்.

பாலாற்றங்கரை: ஆவாரம்பட்டையில பதம் பண்ணின தோலாக் கேட்டு வாங்கலாமேண்ணே.

ஏடுகாப்பான்: அது நாளாவட்டத்துல செம்பொடியா உதிரும். 1901லயே லண்டன் கலைச் சங்கம் (சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்) போட்ட குழு அந்த வகைத் தோல் பைண்டிங்குக்கு ஆகாதுன்னுடுச்சு. கடுக்காய்ப் பதம்னா தாங்கும்.

பசைச்சட்டி: புள்ள கேட்டது பசை. நீங்க டேனரியே நடத்துறீங்க.

காட்பாடிவாசி: டேப் வந்துடுச்சு, சீல் அழியல. முதுகுக்குக் காலிகோ துணியே போதும்னுட்டாங்க. நன்றி.

வாலாஜா பைண்டர்: அடியில மல் துணி (சல்லாத்துணி) வெச்சியா? அதோட பாவு நூல் (நெடுக்கு இழை) முதுகு நீளவாக்குல ஓடணும்.