மின்சாரக் காரை வீழ்த்தியது செல்ஃப் ஸ்டார்ட்டரா, ஃபோர்டின் விலைப்பட்டியலா?

பழனி_டீசல்:
மின்சாரக் கார் என்றால் நேற்று முளைத்த பொருள் மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள். 1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்களைப் பாருங்கள்: நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. மூன்றாம் இடத்தில் இருந்தவன் அடுத்த இருபது வருடத்தில் மற்ற இருவரையும் சாலையை விட்டே விரட்டிவிட்டான்.

என்னைக் கேட்டால் காரணம் ஒன்றுதான். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912 மாடல் காடிலாக்கில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டர். அதுவரை பெட்ரோல் காருக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போச்சு. காடிலாக் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்தார், அதனால்தான் லேலண்ட் கெட்டரிங்கைத் தேடிப் போனார் என்று ஒரு கதைகூட உண்டு. மின்சாரக் காரில் ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் போதும், கிளம்பிவிடும். அந்தச் சௌகரியம் பெட்ரோலுக்கும் வந்த பிறகு மின்சாரத்துக்கு என்ன மிச்சம்? மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன் அண்ணே. இந்த ஸ்டார்ட்டர் கதையை எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. ஒரே ஒரு கார் அதைக் கவிழ்த்துவிடும்: ஃபோர்டு மாடல் டி. அதற்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் எப்போது வந்தது தெரியுமா? 1919-இல். 1915 டிசம்பரிலேயே ஃபோர்டின் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தாயிற்று. அதில் பெரும்பங்கு மாடல் டி, அத்தனையும் ஹேண்டில் போட்டுச் சுற்றியவை. மணிக்கட்டுப் பயம் வாங்குபவனைத் தடுத்திருந்தால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது?

விலையைப் பாருங்கள். 1908-இல் மாடல் டி 850 டாலர். 1913-இல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை வந்தது: ஆள் நின்ற இடத்தில் நிற்க, கார் நகர்ந்து வரும். அதுவரை ஒரு சேஸிஸைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, அதன் பிறகு 93 நிமிடம். 1925-இல் இரண்டு சீட் வண்டி 260 டாலர். டெட்ராய்ட் எலெக்ட்ரிக் மாதிரி நல்ல மின்சாரக் கார் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். இதில் ஸ்டார்ட்டருக்கு என்ன வேலை?

பழனி_டீசல்:
தம்பி, கேள்வியையே மாற்றிவிட்டீர்கள். மாடல் டி வாங்கியவன் கன்சாஸ் விவசாயி. அவன் ஒருநாளும் மின்சாரக் கார் வாங்கப் போகிறவன் இல்லை. மாடு உழுத கையால் ஹேண்டில் சுற்ற அவனுக்கு என்ன கஷ்டம்? பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கக்கூட அந்தக் காரைப் பயன்படுத்தினான். நான் கேட்பது நகரத்து டாக்டர், பணக்கார வீட்டுப் பெண்மணி, இவர்களைப் பற்றி. மின்சாரக் காரின் வாடிக்கையாளர் அவர்கள்தான். இரண்டாயிரம் டாலர் கொடுக்கத் தயாராக இருந்தவர்களை 260 டாலர் வண்டி இழுக்குமா? காடிலாக்தான் இழுத்தது. காடிலாக்கை அவர்கள் ஓட்டும்படி செய்தது ஸ்டார்ட்டர்.

சப்ஸ்டேஷன்_சாந்தி:
இருவருமே காரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கம்பியையும் பாருங்கள் (என் பிழைப்பே அதில்தான்).

மின்சாரக் கார் ஓடவேண்டும் என்றால் போகிற ஊரில் கரண்ட் இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1930-களின் நடுவில்கூடப் பத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குத்தான் மின்சாரம். கிராமங்களுக்குக் கம்பி இழுக்க அரசே இறங்கி 1936-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. 1912-இல் நிலைமை எப்படி இருந்திருக்கும்? கரண்ட் இருந்த நகரத்திலும் வீட்டில் சார்ஜ் போடத் தனிக் கருவி வாங்கி வைக்கவேண்டும்.

பெட்ரோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தகர டின்னில் ஊற்றி எந்த மளிகைக்கடையிலும் விற்கலாம். 1888-இல் ஜெர்மனியில், பெட்ரோல் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ் தன் இரண்டு பையன்களோடு அந்தக் காரில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனாரே, அப்போது பெட்ரோல் பங்க்கா இருந்தது? வீஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். கறை எடுக்க விற்ற திரவம் அது. எரிபொருளுக்கென்று தனியாக எதையும் கட்டாமலே பெட்ரோல் வண்டி வெளியூர் போனது. மின்சார வண்டிக்கு முதலில் ஊர் முழுக்கக் கம்பி வேண்டும்.

தீப்பொறி77:
எல்லோரும் நல்லபிள்ளையாகப் பேசுகிறீர்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் சதி என்று ஒருவராவது சொல்கிறீர்களா? 1901-இல் டெக்சாஸ் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது, நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்கிறார்கள். அதை விற்க வேண்டாமா? மின்சாரக் காரை அவர்கள்தான் ஒழித்தார்கள். இன்றைக்கும் அதே கதைதான்.

கணக்குப்பிள்ளை:
தீப்பொறி, எண்ணெய் மலிந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கார் உலகில் ஏகபோகத்துக்கு அலைந்தது யார் என்று பார்த்தால் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்: ஒரு மின்சாரக் கார் கம்பெனி!

நியூயார்க்கில் மின்சார டாக்ஸி விட்ட எலெக்ட்ரிக் வெகிக்கிள் கம்பெனி, ஜார்ஜ் செல்டன் என்ற வக்கீலின் காப்புரிமையைக் கையில் எடுத்தது. செல்டன் 1879-இல் விண்ணப்பித்து, இழுத்தடித்து, 1895-இல் வாங்கிய காப்புரிமை. பெட்ரோல் கார் என்ற எண்ணமே தன்னுடையது என்கிற அளவுக்கு அகலமானது. அதைக் காட்டி, 1903-இலிருந்து சங்கம் அமைத்துப் பெட்ரோல் கார் செய்கிறவர்களிடம் ராயல்டி வசூலித்தார்கள். மின்சார வண்டி ஓட்டுகிற கம்பெனி பெட்ரோல் வண்டிமேல் வரி போட்டுச் சாப்பிட்டது! ஃபோர்டு கட்ட மறுத்தார், வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1911-இல் மேல்முறையீட்டில் நீதிமன்றம் சொன்னது: செல்டனின் காப்புரிமை பிரேட்டன் வகை என்ஜினுக்குத்தான் செல்லும், ஃபோர்டு செய்வது ஓட்டோ வகை, ஆகவே மீறல் இல்லை. அதற்குள் அந்த மின்சாரக் கம்பெனியே திவாலாகிவிட்டது.

எண்ணெய் வியாபாரத்தில் ஏகபோகமாக இருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியையும் அதே 1911-இல் உச்சநீதிமன்றம் துண்டு துண்டாக உடைத்தது. சதி செய்ய நல்ல நேரம் பார்த்தார்கள் போங்கள்.

தீப்பொறி77:
உடைத்தால் என்ன, துண்டுகள் எல்லாம் எண்ணெய்தானே விற்றன.

பேட்டரிக்கடைக்காரர்:
சரி, இப்போது எடையைப் பற்றிப் பேசலாமா? மேலே அத்தனை பதிவு ஓடியும் ஒருவரும் எடையைத் தொடவில்லை.

லெட் ஆசிட் பேட்டரி, அதாவது ஈயத்தகடு வைத்த பேட்டரி, விற்றே குடும்பம் நடத்துகிறேன். இன்றைய நல்ல லெட் ஆசிட்டில் ஒரு கிலோவுக்கு 30, 40 வாட்-மணி ஆற்றல் நிற்கும். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000. அந்தக் காலத்து என்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாக்கி வீணடித்தது என்று வைத்தாலும் மிச்சம் இருப்பது ஐம்பது மடங்குக்குக் குறையாது. அந்தக் காலத்து பேட்டரி இன்னும் மோசம். தூரம் கூட வேண்டுமென்றால் ஈயம் கூட்டவேண்டும், ஈயம் கூடினால் டயரும் அச்சும் தாங்காது.

வேகத்தில் மின்சாரம் சளைத்ததே இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியதே மின்சாரக் கார்தான், 1899-இல் பாரிஸ் பக்கம் காமில் ஜெனாட்ஸி ஓட்டியது. ஆனால் அது ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் எடுத்த சாதனை. ஊர்விட்டு ஊர் போகிற கதை வேறு.

தாமஸ் எடிசன் வருடக்கணக்கில் உழைத்து நிக்கல்-இரும்பு பேட்டரி கொண்டுவந்தார். கெட்டி சாமான், ஆயுள் அதிகம், ஆனால் விலையும் அதிகம், குளிரில் சுணங்கும். 1914 வாக்கில் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவு மின்சாரக் கார் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. கார்தான் வரவே இல்லை. விலையைக் குறைப்பதில் ஃபோர்டை மிஞ்ச ஆளில்லை, பேட்டரியில் எடிசனை மிஞ்ச ஆளில்லை. அவர்களாலேயே முடியவில்லை என்றால் தடங்கல் எங்கே இருந்தது, யோசியுங்கள்.

சப்ஸ்டேஷன்_சாந்தி:
கடைக்காரரே, எடையை மறுக்கவில்லை. ஆனால் எடைதான் முடிவு என்றால் ஹார்ட்ஃபோர்டில் நடந்தது எப்படி? கனெக்டிகட் மாநிலத்தில் அங்கிருந்த மின்சாரக் கம்பெனி 1910-களில் தொடங்கி 1924 வரை ஒரு சேவை நடத்தியது. பேட்டரி இல்லாத லாரியை வாங்கிக்கொள்ளலாம். தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிரம்பியதை மாட்டிக்கொண்டு, ஓடிய தூரத்துக்குக் காசு கட்டலாம். அப்புறம் இங்கிலாந்தில் பால் வண்டிகள்! இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தெருத்தெருவாக மின்சார வண்டியில்தான் பால் போட்டார்கள். அதே ஈயம், அதே எடை. தினமும் ஒரே பாதை, இரவில் ஒரே கொட்டகையில் சார்ஜ். ஏற்பாடு இருந்த இடத்தில் லெட் ஆசிட்டே போதுமானதாக இருந்தது.

பேட்டரிக்கடைக்காரர்:
பால்காரர் வெளியூர் போவதில்லை அம்மா. கார் வாங்குகிறவன் போகாவிட்டாலும் போகமுடியும் என்ற நினைப்புக்குத்தான் காசு கொடுக்கிறான்.

பழனி_டீசல்:
ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914 டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வைத்திருந்தார் என்பதை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். வீட்டுக்காரர் உலகிலேயே அதிகம் பெட்ரோல் கார் விற்கிறவர். அம்மாள் ஓட்டுவது மின்சாரம். விலை அவருக்குப் பொருட்டா? வீட்டில் கரண்டுக்குப் பஞ்சமா? ஹேண்டில் சுற்ற வேண்டாம் என்பதுதானே காரணம்.

சப்ஸ்டேஷன்_சாந்தி:
பஞ்சமே இல்லை ஐயா. டியர்போர்னில் அவர்கள் கட்டிய ஃபேர் லேன் மாளிகைக்குச் சொந்தமாக நீர்மின் நிலையமே இருந்தது. மற்றவர்களுக்கு வீட்டோரம் ஆறு ஓடவில்லை.

அதுவும் 1914-இல் ஸ்டார்ட்டர் வைத்த காடிலாக் கடையில் கிடைத்ததே? உங்கள் வாதப்படி கிளாரா அதை வாங்கியிருக்கவேண்டும்.

பழனி_டீசல்:
போட்டிக் கம்பெனி பெட்ரோல் கார் ஃபோர்டு வீட்டு வாசலில் நிற்குமா? சரி, அதை விடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்வி. முதலிடத்தில் இருந்த 1,681 நீராவிக் காருக்கு என்ன ஆச்சு? அதற்குக் கம்பி வேண்டாம், ஈயம் வேண்டாம், மண்ணெண்ணெய் எங்கும் கிடைக்கும். வேகமா? 1906-இல் ஸ்டான்லி கார் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் ஒரே பெரிய குறை, கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்கவேண்டும். அதாவது கிளப்புகிற தொல்லை! மறுபடியும் ஸ்டார்ட்டரிடம்தான் வந்து நிற்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. ஆனால் நீராவியில் ஸ்டான்லியைவிட அதிகம் விற்ற ஒயிட் கம்பெனி என்ன செய்தது? 1911-க்குள் நீராவியை மூட்டை கட்டிவிட்டுப் பெட்ரோலுக்கு மாறிவிட்டது. உங்கள் காடிலாக் ஸ்டார்ட்டர் கடைக்கு வருவதற்கு முன்பே. ஹேண்டில் சுற்றும் பெட்ரோல் காரே போதும் என்று அவர்கள் முடிவு செய்தது ஏன்? அதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே, ஸ்டார்ட்டரை அப்புறம் ஒப்புக்கொள்கிறேன்.