மார்க் ஹாலிஸின் தனி ஆல்பம்: முதல் தடவை கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

ஹாலிஸ் பாடகராக இருந்த டாக் டாக் பேண்டில் எனக்குப் பழக்கமானது 1984இல் வந்த 'இட்ஸ் மை லைஃப்' மாதிரியான பாட்டுகள்தான், சின்தசைசரும் ஆட வைக்கிற தாளமுமாக. அந்தக் குரலுக்காகவே 1998இல் ஹாலிஸ் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். முதல் சில வினாடிகளுக்குப் பாட்டே இல்லை, லேசான இரைச்சல் மட்டும். அப்புறம் பியானோ, அதற்கும் பிறகு குரல், பக்கத்தில் உட்கார்ந்து தனக்குள் முனகுகிற மாதிரி. சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம் என்றால் நடக்காது, குழாயைத் திறந்தாலே பாட்டு போய்விடுகிறது. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், யாரோ நாற்காலியில் அசைவதுதான் பெரிதாகக் கேட்டது! அன்று வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துதான் முழுதாகக் கேட்டேன்.

*

நாற்காலிச் சத்தத்தைத் துடைக்காமல் விட்டதுதான் எனக்குப் பிடித்ததே. நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், எங்களுக்கு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மைக், மிச்சத்தை மிக்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம். இதில் இரண்டு மைக்கை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, கிளாரினெட்டோ கிதாரோ அறையில் எங்கே இருக்க வேண்டும் என்பதை மாற்றி மாற்றித்தான் தூரத்தைக் காட்டியிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பையன்களுக்கு ஸ்டுடியோ ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன், ஒருவன் தூங்கிவிட்டான், இன்னொருவன் மறுநாள் வந்து ஆல்பத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனான்.

*

இந்த ஆல்பத்தில் வரும் 'எ லைஃப் (1895–1915)' பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரவு பஸ்ஸில் இயர்போனில் கேட்டேன், அடைப்புக்குள் இருந்த வருஷங்கள்தான் உறுத்தின, இருபது வயது கூட்டிக் கழித்தால். ஊர் வந்ததும் தேடினேன்: ரோலண்ட் லெய்ட்டன், முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டு இறந்த இளம் கவிஞர், எழுத்தாளர் வேரா பிரிட்டனுக்கு நிச்சயமாகியிருந்தவர். எட்டு நிமிஷப் பாட்டில் வார்த்தைகள் மிகக் கொஞ்சம், பாதி இடம் ஊதுகருவிகளுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

*

சரி, நான் மட்டும் எதிர்க்கட்சி போல. பேண்டின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988) இதே அமைதியில்தான் போகும், ஆனால் அதில் 'டிசையர்' பாட்டு வரும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பு இருப்பதால்தான் அமைதிக்கு அர்த்தமே. இங்கே அது வரவே இல்லை, கடைசிவரை காத்திருந்தேன். 2019 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது மறுபடி போட்டேன், அதுவரை இன்னொரு ஆல்பம் அவர் போடவில்லை என்பதால் இதையே அவருடைய உச்சம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்போதும் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'தான்.