வேட்டை கைடு வேலைக்கு எப்படி போறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

புதுத்தடம்:
வணக்கம் எல்லாருக்கும். வயசு 24. சின்ன வயசுலேர்ந்து அப்பாகூட வேட்டைக்கு போய் பழக்கம், மான், பன்னி ரெண்டும் அடிச்சிருக்கேன், முந்நூறு மீட்டர்ல வச்ச இடத்துல குண்டு விழும். இப்ப ஆபீஸ் வேலை, மூணு வருஷமா உக்காந்து உக்காந்து முதுகு போச்சு, பேசாம வேட்டை கைடா போயிடலாமான்னு ரொம்ப நாளா யோசனை. நெட்ல பாத்தா கைடு ஸ்கூல்னு நிறைய இருக்கு, சில வாரத்துல எல்லாம் சொல்லித்தர்றோம்ங்கறாங்க. பணம் கட்டி சேரணுமா இல்ல நேரா போய் வேலை கேட்டா குடுப்பாங்களா? லைசென்ஸ் எப்படி? அலாஸ்கா, கனடா, நமீபியா எங்க வேணா போக ரெடி. இதுல குடும்பம் நடத்துற அளவுக்கு காசு வருமா, அதையும் மறைக்காம சொல்லிடுங்க.

பொதிக்குதிரை:
தம்பி, கோச்சுக்காத, உன் முந்நூறு மீட்டர் குறிய பாத்து எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான். சீசன் முழுக்க நீ ஒரு தோட்டா கூட சுடாம முடியலாம். சுடுறது காசு கட்டி வந்தவர், நீ துப்பாக்கிய தூக்குறதே கரடி மேல பாஞ்சு வந்தாதான், இல்லன்னா அடிபட்டது தப்பிச்சு ஓடினாதான்.

நான் பதினோரு சீசன் ஓட்டிட்டேன், முதல் ரெண்டு சீசன் பைனாகுலர் பக்கமே என்ன விடல. குதிரைக்கு தண்ணி காட்டுறது, விறகு வெட்டுறது, பாத்திரம் கழுவுறது, இதான் வேலை. பேக்கர்னு சொல்வாங்க, கேம்புக்கு சாமான் ஏத்திட்டு போய் இறைச்சிய ஏத்திட்டு வர்ற ஆளு. பொதிக்குதிரைல ரெண்டு பக்க பையும் ஒரே எடையா இருக்கணும், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் மலைப்பாதைல சேணம் சரிஞ்சு அதோட முதுகு புண்ணாயிடும், அதனால நான் இன்னைக்கும் தராசுல தூக்கி பாத்துதான் கட்டுவேன், பசங்க சிரிப்பானுங்க, சிரிக்கட்டும்.

அவுட்ஃபிட்டர் வேற, கைடு வேற, அத தெரிஞ்சுக்க. பர்மிட், கேம்ப், குதிரை, கஸ்டமர் எல்லாம் அவுட்ஃபிட்டருது, நாம அவர்கிட்ட சம்பளத்துக்கு நிக்கிறவங்க. குளிர்காலத்துல அடுத்த சீசனுக்கு ஆள் தேடுவாங்க, அப்ப போன் போடு. கைடா சேத்துக்கோங்கன்னு கேக்காத, கேம்ப்ல என்ன வேலை இருந்தாலும் செய்றேன்னு கேளு.

இன்னொன்னு, கறி. பெரிய மூஸ் (மான் வகைலயே பெருசு) ஒண்ணு விழுந்தா சுமார் 225 கிலோ கறி தேறும், எலும்போட ஒரு பின்தொடையே 50 கிலோவ தாண்டும், அத முதுகுல கட்டிக்கிட்டு புதருக்குள்ள அஞ்சாறு நடை நடக்கணும். அலாஸ்கால கறிய முழுசா வெளிய கொண்டுவராம கொம்ப மட்டும் தூக்கிட்டு வர முடியாது, சட்டமே அப்படி. வெயில் இருந்தா உடனே தோல உரிச்சு காத்து படற மாதிரி தொங்க விடணும், இடுப்பு மூட்டு கிட்ட எலும்ப ஒட்டின கறிதான் முதல்ல கெடும். நீ இப்பவே ஒரு கறி வெட்டுறவர்கிட்ட வாரக்கடைசில போய் நில்லு, சம்பளம் வேணாம்னு நில்லு.

முத்திரை_இருக்கா:
லைசென்ஸ் எடத்துக்கு எடம் மாறும். அலாஸ்கால முதல்ல அசிஸ்டன்ட் கைடு, 18 வயசு ஆகணும், முதலுதவி சர்டிபிகேட் வேணும், அந்த மாநிலத்துல வேட்டையாடின அனுபவமும் காட்டணும், அதுக்கப்புறம்தான் பரீட்சை எழுதி ரிஜிஸ்டர்ட் கைடு. வெளி மாநில ஆளுங்க பழுப்புக்கரடி, டால் ஆடு (மலைல இருக்கற வெள்ளை காட்டுச் செம்மறி), மலையாடு மூணுக்கும் கைடு இல்லாம (இல்லன்னா அங்கயே இருக்கற நெருங்கின சொந்தம் கூட வராம) போகக்கூடாது, அங்க கைடுக்கு வேலை இருக்கறது முக்கியமா இதனாலதான். அமெரிக்காவோட மொன்டானா மாநிலத்துல ஒரு அவுட்ஃபிட்டர் கையெழுத்து போடாம கைடு லைசென்ஸ் கிடையாது. நமீபியால ஹன்டிங் கைடு, மாஸ்டர் ஹன்டிங் கைடு, புரொஃபஷனல் ஹன்டர்னு படிப்படியா போகணும். ஜிம்பாப்வே இன்னும் கஷ்டம், எழுத்துப் பரீட்சை, ஒருத்தர்கிட்ட வருஷக்கணக்கா சிஷ்யனா இருக்கறது, கடைசில காட்டுக்குள்ளயே செய்முறை தேர்வு. எங்க போனாலும் அந்த நாட்டுல வேலை பாக்க விசா கிடைக்குமான்னு மொதல்ல பாருங்க, பாதி பேர் கனவு அங்கதான் நிக்குது.

காத்துவாட்டம்:
மேல ரெண்டு பேரும் சொல்லாத ஒண்ண சொல்றேன். இந்த வேலைலயே கஷ்டம் "சுடாதீங்க"ன்னு சொல்றதுதான்.

டால் ஆட்டுல கிடா சட்டப்படி சுடத்தக்கதான்னு பாக்கணும்னா கொம்பு ஒரு முழு சுத்து வந்திருக்கணும், இல்ல ரெண்டு நுனியும் உடைஞ்சிருக்கணும், இல்ல எட்டு வயசு ஆகியிருக்கணும், வயச கொம்புல இருக்கற வளையத்த எண்ணி சொல்லணும். அதுவும் அரை கிலோமீட்டர் தள்ளி, ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துல இருக்கறத பாக்கற தொலைநோக்கி) காத்துல ஆடிட்டு இருக்கறப்ப. ஒரு தடவ எட்டு நாள் நடந்து ஒரு கிடாவ கண்டுபிடிச்சோம், நான் ஏழு வளையம் எண்றேன், எட்டாவது நிழலா வளையமான்னு தெரியல, பக்கத்துல கஸ்டமர் படுத்துக்கிட்டு துப்பாக்கியோட சேஃப்டி லாக்க எடுத்துட்டாரு, "அது பெருசுதான், நான் ரிஸ்க் எடுத்துக்கறேன்"ங்கறாரு. ரிஸ்க் அவருக்கு மட்டும் இல்ல. தப்பா அடிச்சா என் லைசென்ஸும் போகும். அதுவுமில்லாம அமெரிக்கால 1900லயே வந்த லேசி சட்டம்னு ஒண்ணு இருக்கு, சட்டத்துக்கு புறம்பா அடிச்சத மாநில எல்லை தாண்டி கொண்டுபோனா மத்திய அரசு கேஸ், காசு வாங்கிட்டு கைடு பண்றதையே விலங்க வித்ததா அந்த சட்டம் எடுத்துக்கும். வேண்டாம்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி டென்ட்ல ஒரு வார்த்த பேசல மனுஷன்.

காத்த படிக்க கத்துக்க தம்பி. காலைல வெயில் ஏற ஏற மலைச்சரிவுல காத்து மேல போகும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழ இறங்கும், இது தெரியாம காலைல கீழேர்ந்து ஏறினா உன் வாசனை உனக்கு முன்னாடி போய் சேந்துடும். அடிபட்டத தேடுறதும் அப்படிதான், அவசரப்படாத. ரத்தம் வெளிர் சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், கிட்டதான் கிடக்கும். கருஞ்சிவப்புன்னா ஈரலா இருக்கலாம். பச்சையா, நாத்தமா இருந்தா குடல், அப்ப மணிக்கணக்கா உக்காந்துட்டுதான் போகணும், உடனே தொரத்தினா எழுந்து ஓடி தொலைஞ்சே போகும்.

ஸ்கூல்ல_படிச்சவன்:
ஸ்கூல் வேஸ்டுன்னு எல்லாரும் சொல்லிடுவீங்க, அதனால நான் வந்தேன். அப்பா தாத்தா யாரும் இந்த தொழில்ல இல்லாதவனுக்கு குதிரை கட்டவும் தோல் உரிக்கவும் யார் சொல்லித்தருவா? எனக்கு முதல் கேம்ப் வேலை வாத்தியார் பண்ணின ஒரு போன்லதான் கிடைச்சது. ஆனா சேர்றதுக்கு முன்னாடி போன பேட்ச் பசங்க எத்தன பேர் இன்னும் கேம்ப்ல இருக்காங்கன்னு கேளுங்க, மழுப்பினா விட்டுருங்க. காசு விஷயம்: வேலை சீசனுக்கு மட்டும்தான், டிப்ஸ நம்பிதான் பாதி பொழப்பு. மீதி மாசம் நான் தச்சு வேலைக்கு போறேன், கூட இருக்கறவன் மீன்பிடி கைடு. கல்யாணம் ஆனவங்க வீட்ல பேசிட்டு வாங்க.

புதுத்தடம்:
எல்லாருக்கும் நன்றி, குறிய பத்தி பீத்தினதுக்கு கொஞ்சம் கூச்சமா இருக்கு. முதலுதவில எது படிக்கணும், ஒருநாள் கோர்ஸ் போதுமா? காத்துவாட்டம் அண்ணா, அந்த கிடா அப்புறம் கிடைச்சுதா?

முத்திரை_இருக்கா:
சட்டத்துக்கு சின்ன கோர்ஸ் போதும், ஆனா காட்டுல ஹெலிகாப்டர் வர ஒரு நாள் ஆகலாம். வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்னு 70, 80 மணி நேர கோர்ஸ் இருக்கு, அத முடிங்க.

காத்துவாட்டம்:
கிடைக்கல. மூணு நாள் மேகம் இறங்கி எதுத்த மலையே தெரியல, அதுக்குள்ள எங்கள திரும்ப கூட்டிட்டு போற பிளேன் வந்துடுச்சு. டிப்ஸும் இல்ல, கிளம்பறப்ப கை கூட குடுக்கல. நீ எந்த ஊர் அவுட்ஃபிட்டருக்கு எழுதினாலும் மெயில்ல அந்த முந்நூறு மீட்டர் வரிய மட்டும் எடுத்துட்டு அனுப்பு.