மருந்தடிக்கிற பயிற்சிக்குப் பிறகு தோட்டத்தில் என்ன மாறினது?

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரருக்குப் பூச்சிமருந்துப் பாதுகாப்புப் பயிற்சி என்றால் அனேகமாக ஒரு மண்டபம், ஒரு பேச்சு, தேத்தண்ணி, கையெழுத்து. போய்வந்தவர்களைக் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வார்கள்: கையுறை போடவேணும், காற்றுக்கு எதிரே அடிக்கக்கூடாது, லேபலில் சிவப்புப் பட்டி என்றால் கடும் நஞ்சு. அடுத்தநாள் பார்த்தால் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வெங்காயத்துக்கு மருந்து அடிப்பார்கள். தெரியாமல் இல்லை. எங்கட வெயிலுக்குள் ரப்பர் கையுறை போட்டால் கை அவிஞ்சுபோகும்.

ஒரு பயிற்சி மட்டும் வேறு மாதிரி நடந்தது. விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கே வந்தார். டாங்கியில் மருந்துக்குப் பதிலாகப் பலகாரத்துக்குப் போடுகிற சிவப்புச் சாயத் தண்ணி. அடிக்கிறவருக்கு வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும். மிளகாய்ப் பாத்தியை முடிச்சு அவர் திரும்பினபோது எல்லாரும் வாயடைச்சுப் போனோம். அடிச்ச செடிக்குள்ளேயே முன்னுக்கு நடந்ததால் தொடை இரண்டும் சிவப்பு. டாங்கி மூடி இறுகாததால் முதுகில் பெரிய கறை. மருந்து பீச்சுகிற நுனி, அதுதான் நொசில், அடைச்சபோது வாயால் ஊதினதில் உதட்டிலும் சாயம்.

"தம்பி, இது மருந்தாய் இருந்தால்?" என்று ஒரு ஐயா கேட்டார். ஓகனோபொஸ்பரஸ் என்ற வகைப் பூச்சிமருந்துகள் தோலாலும் உடம்புக்குள் போகும் என்று போதனாசிரியர் அந்தக் கறைகளைத் தொட்டுக் காட்டியே விளங்கப்படுத்தினார். 2008 க்குப் பிறகு பரகுவாட் என்ற கடும் நஞ்சுக் களைகொல்லியை இலங்கையில் படிப்படியாக நிறுத்தியதால், கடையில் மிஞ்சினது எல்லாம் சாதுவான மருந்து என்று நம்பியிருந்தவர்களும் அங்கே நின்றார்கள்.

கையுறை இன்னமும் பெரிதாக வரவில்லை. ஆனால் நொசிலை ஊதுகிற பழக்கம் நின்றுவிட்டது. பழைய பல்பிரஷ் ஒன்று டாங்கியோடு தொங்குகிறது. மூடிக்குப் புது வாசர் போட்டார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுது என்று பார்த்து, பின்பக்கமாக நடந்து அடிக்கிறார்கள். செலவும் இல்லை, வேலையும் மினக்கெடாது என்றால் எங்கட ஆக்கள் உடனே பிடிச்சுக்கொள்வார்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது, கூலிக்கு வாற பெண்களை ஒருத்தரும் கூப்பிடாததுதான். பின்னேரம் மருந்து அடிச்ச பாத்திக்குள் விடியக் குந்தியிருந்து வெறுங்கையால் புல்லுப் பிடுங்குவது அவர்கள். அதே கையால் வெற்றிலை மடிச்சு வாயில் போடுவார்கள். தலையிடி, வயிற்றுப்பிரட்டல் வந்தால் வெயில் என்று விட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு, வேலை முடிகிற நேரத்தில் அவர்களுக்கும் ஒரு வகுப்பு வைப்பித்தோம். லேபலில் தமிழில் இருந்ததை ஒரு அக்கா எல்லாருக்கும் உரக்க வாசிச்சா. மருந்து அடிச்ச தோட்டத்துக்குள் உடனே இறங்கக்கூடாது என்பதை அவர்களில் பலர் அன்றைக்குத்தான் முதலில் கேள்விப்பட்டார்கள்.

இப்ப அந்த அக்கா பாத்திக்குள் கால் வைக்க முதல், "அண்ணை, எப்ப மருந்து அடிச்சனீங்கள்?" என்று கேட்கிறா. முதலில் முகம் சுளிச்ச தோட்டக்காரர், சனி பின்னேரம் மருந்தை அடிச்சுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூலிக்கு ஆள் எடுக்கிறதில்லை என்று ஆக்கிவிட்டார்.