.308 கூடுகளை டையில் இடும் முன் மசகு பூச வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்ற துப்பாக்கிகளுக்காக, சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள், 9 மி.மீ. மற்றும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சில காலமாக வீட்டிலேயே மறுநிரப்பு செய்து வருகிறேன். இரண்டுக்கும் கார்பைடு டை (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை அழுத்தி மீண்டும் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) இருப்பதால் கூடுகளுக்கு இதுவரை எந்த மசகும் பூசியதில்லை. இப்போது .308 வின்செஸ்டர் கூடுகளைத் தொடங்கவிருக்கிறேன். டையுடன் வந்த குறிப்பில் மசகு கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. என்னுடன் சுடும் நண்பரோ, நன்றாகத் துலக்கிய கூடு தானாகவே வழுக்கிச் செல்லும் என்றும், மசகு பூசினால் பிரைமரும் (கூட்டின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) வெடிமருந்தும் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார். எது சரி? பூசத்தான் வேண்டும் என்றால் எந்தப் பகுதியில், எவ்வளவு பூச வேண்டும்?

மறுமொழி 1

உங்கள் டையுடன் வந்த குறிப்பே சரி. .38 ஸ்பெஷல் போன்ற நேர்ச்சுவர்க் கூட்டில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் ஒரு குறுகிய பட்டையாக மட்டுமே பித்தளையைத் தொடுகிறது. அந்த வளையம் எஃகைவிட மிகக் கடினமானது, வழவழப்பானது என்பதால் உலர்ந்த கூடும் எளிதாக நுழைந்து வெளிவருகிறது. .308 கழுத்து ஒடுங்கிய கூடு. முழுநீள டை அதன் உடல், தோள் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி), கழுத்து மூன்றையும் ஒரே நேரத்தில் இறுக்குவதால் உராயும் பரப்பு பல மடங்கு பெரிதாகிறது. மசகில்லாத பித்தளை அந்த அழுத்தத்தில் எஃகுச் சுவரைப் பற்றிக்கொள்ளும். பிரஸ்ஸின் (டை பொருத்தப்படும் கையழுத்தி) கைப்பிடியை மேலே இழுக்கும்போது கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வர, கூடு டைக்குள்ளேயே தங்கிவிடும். துலக்குவது இதற்குத் தீர்வாகாது. படிவு முழுவதும் நீங்கிய பித்தளை இன்னும் அதிகமாகவே பற்றும். துலக்குவதன் பயன் வேறு: மணலும் கரியும் டையின் உட்சுவரைக் கீறாமல் காக்கிறது. ரைஃபிள் கூடுகளுக்கான கார்பைடு டைகளும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் மசகு தேவை.

அளவைப் பொறுத்தவரை, விரல் நுனியில் சிறிது சைஸிங் மெழுகை (கூடுகளை அளவாக்கும்போது பூசும் மசகு மெழுகு) எடுத்து, கூட்டின் உடலில், குறிப்பாக அடிப்பகுதிக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தேய்த்தால் போதும். தோளில் பூசாதீர்கள். அங்கே தேங்கும் மசகு வெளியேற வழியின்றி அழுந்தி, பித்தளையை உள்நோக்கிக் குழித்துவிடும். டையின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் இதுவே நடக்கும். ஆழமற்ற குழி அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும். கூர்மையாக மடிந்த கூட்டை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு கழுத்தின் உட்புறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டை வெளியே இழுக்கும்போது டையின் நடுத்தண்டில் உள்ள விரிப்பான் குமிழ் உலர்ந்த கழுத்தின் வழியாகக் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தால், அது கழுத்தை நீட்டுவதோடு தோளையும் முன்னுக்கு இழுத்துவிடக்கூடும். பிறகு தோட்டா சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) சரியாக அமராது. உலர்ந்த கிராஃபைட் அல்லது மைக்காத் தூளில் தோய்த்த சிறு தூரிகையை ஒரு முறை உள்ளே செலுத்தி எடுத்தால் போதும்.

நிறையக் கூடுகள் இருந்தால், லனோலினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பது வசதியானது. தெளித்தபின் கூடுகளைப் புரட்டிவிட்டு, ஆல்கஹால் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருங்கள். மசகாக வேலை செய்வது எஞ்சி நிற்கும் லனோலின்தான். ஈரத்தோடு டையில் இட்டுவிட்டு, தெளித்த பிறகும் கூடு சிக்கியது என்று குறைபடுவோர் பலர். ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், காற்றோட்டமான இடத்தில், வெடிமருந்துக்கும் நெருப்புக்கும் எட்டத்தில் இதைச் செய்யுங்கள்.

மறுமொழி 3

பூசுவதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அளவாக்கிய பிறகு மசகைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று பலர் சொல்வது தேவையற்ற வேலை என்று கருதுகிறேன். மெல்லிய படலம் இருந்தால், சுட்ட கூடு சேம்பரிலிருந்து இன்னும் எளிதாக வெளிவரும் அல்லவா? பழைய இயந்திரத் துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டாவுக்கு எண்ணெயிடும் அமைப்பே இருந்தது.

மறுமொழி 1 எழுதியவர்

ஐயா, இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். சுடும் கணத்தில் பித்தளை விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்கிறது. பின்னோக்கிய விசையின் ஒரு பகுதியை அந்தப் பிடிப்பு தாங்கிக்கொள்கிறது. சுவரில் எண்ணெய் இருந்தால் பிடிப்பு தளர்ந்து, அந்த விசையும் போல்ட் முகத்தின் (சேம்பரைப் பின்னிருந்து அடைக்கும் பூட்டின் முன்பக்கம்) மீதே விழும். இத்தாலியின் பிரெடா 30 துப்பாக்கியில் எண்ணெய் பம்பு இருந்தது உண்மைதான். கூடு சேம்பரில் தளர்வதற்கு முன்பே வேகமாக இழுக்கப்பட்டு அறுபடாமல் இருக்க, அதன் இயக்கமுறைக்கு அது தேவைப்பட்டது. உலர்ந்த தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்ட உங்கள் ரைஃபிளுக்கு அது முன்மாதிரி ஆகாது. தவிர, ஒட்டும் படலம் தூசியைச் சேர்த்து அப்படியே சேம்பருக்குள் கொண்டு செல்லும்.

கேள்வி கேட்டவரின் நண்பர் அஞ்சுவதிலும் உண்மை உண்டு. கூட்டுக்குள்ளோ பிரைமர் குழியிலோ எண்ணெய் தங்கினால் பிரைமர் செயலிழக்கலாம், வெடிமருந்து பாழாகலாம். அதனால்தான் ஊடுருவும் எண்ணெய்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அளவாக்கிய பின், பிரைமர் பொருத்தும் முன், கூடுகளைத் துணியால் துடைக்க வேண்டும் அல்லது சோளத்தக்கைத் துகளில் மீண்டும் உருட்டி எடுக்க வேண்டும். உருட்டியபின் பிரைமர் துளையில் துகள் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு கூட்டையும் பாருங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். அது பித்தளையில் விரிசல் விழச் செய்யும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மெழுகையே வாங்கிக்கொள்கிறேன். ஒருவேளை கூடு சிக்கிவிட்டால் டையை எறிந்துவிட வேண்டியதுதானா?

மறுமொழி 2 எழுதியவர்

தேவையில்லை. கைப்பிடியை ஓங்கி இழுப்பதை உடனே நிறுத்துங்கள். டையைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றி, பிரைமர் தள்ளும் தண்டை முடிந்தவரை மேலே திருகி விலக்கிக்கொள்ளுங்கள். கூட்டின் அடியில் துளையிட்டு மரை வெட்டி, ஒரு திருகாணியைச் செலுத்தி, வாஷரும் நட்டும் கொண்டு மெதுவாக வெளியே இழுக்கலாம். இதற்கான சிறு கருவித்தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது. முதல் கூட்டிலேயே கைப்பிடி வழக்கத்துக்கு மாறாகக் கனத்தால், முழுவதும் அழுத்தாமல் பாதியிலேயே திரும்ப எடுத்து, மீண்டும் மெழுகு தேய்த்துவிட்டுத் தொடருங்கள்.